வரிசையில் நின்ற பச்சைக் குடம்

தோணிமேட்டில் குடங்கள் நடக்கத் தொடங்கிய அன்று யாருக்கும் ஆச்சரியப்பட நேரமில்லை, ஏனென்றால் தண்ணீர் லாரி வந்துவிட்டது.

கால்வாய்க்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவே, ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டிலிருந்து தண்ணீர் நீட்டுகிற அளவுக்கு நெருக்கியடித்துக் கிடக்கிற அந்தக் குப்பத்தில் லாரிதான் கடிகாரம், லாரிதான் கோயில் மணி. அது காலையில் வரும், உச்சி வெயிலில் வரும், விளக்கு வைக்கிற நேரத்தில் வரும், சில நாள் ஆசை காட்டிவிட்டு மெயின் ரோட்டோடு திரும்பியும் போய்விடும். எப்போது வரும் என்று அதை ஓட்டுகிற முனிரத்தினத்துக்கே தெரியாது. வேலை வெட்டியை விட்டுவிட்டு மனுஷர்கள் நாள் முழுக்க நிற்க முடியுமா? அதனால் குடங்கள் நின்றன. மஞ்சள், நீலம், ஆரஞ்சு, வெயிலில் வெளுத்துப்போன சிவப்பு என்று தெருமுனையிலிருந்து, மாதா சிலை வைத்த கெபி வரைக்கும் ஆளுக்குப் பதிலாகக் குடம் நிற்கும். தோணிமேட்டில் எதற்கும் சண்டை வரும், துணிக் கயிற்றுக்கு வரும், கோழி தாண்டினதற்கு வரும், ஆனால் வரிசையில் நிற்கிற அடுத்தவர் குடத்தை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். பிள்ளை பெறப் போனவளின் குடம், கோர்ட்டுக்குப் போனவனின் குடம், கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனவளின் குடம் எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கும். தொடக் கூடாது என்றால் நகர்த்தவும் கூடாது. குழாயைத் திறந்துவிட்டால் அந்தந்த வீட்டுக்காரர்தான் ஓடிவந்து தன் குடத்தைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்த ஓட்டம் எப்போதும் பெண்பிள்ளைகள் தலையில்தான் விழுந்தது.

கிருபைக்கு அதுதான் தீராத தலைவலி. பகலெல்லாம் மருந்துக் கடையில் நின்றுவிட்டு, சாயங்காலமானால் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற இளைஞர் மன்றத்தை அவளும் ரஹமத்தும் இன்னும் சில பேருமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாடம் நடக்கிற இடம், கட்டி முடித்தும் திறப்பு விழா நடக்காத பொதுக் கழிப்பறை. ரிப்பன் வெட்ட வேண்டியவருக்கு நேரம் கிடைக்காமல் அது அப்படியே கிடக்க, உள்ளே ஓடு பதித்த தரை ஜில்லென்று இருந்ததாலும், கதவு என்று ஒன்று மாட்டப்படவே இல்லாததாலும், பிள்ளைகள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மெயின் ரோட்டுப் பையன்கள் அதைக் கக்கூஸ் காலேஜ் என்றார்கள். தோணிமேட்டுப் பிள்ளைகளும் வெட்கப்படாமல் அப்படியே சொல்லிக்கொண்டார்கள்.

கேலியைத் தாங்கலாம். மற்றதுதான் கஷ்டம். படித்து முடித்தவன் வேலைக்கு எழுதிப்போட்டால், தோணிமேடு என்ற விலாசத்தைப் பார்த்ததும் பதில் வராது. பதில் வந்து வேலையும் கிடைத்தவன் முதல் காரியமாக வேறு ஏரியாவில் வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவான், போனவன் திரும்பிப் பார்க்கமாட்டான். பெரிய கம்பெனிக்காரர்கள் ஒரு நாள் கேக்கோடு வந்து, பிள்ளைகளை அணைத்துப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள், அதோடு சரி. வட்டச் செயலாளர் கஜேந்திரன், மன்றத்துப் பிள்ளைகள் தன் கட்சி பனியனைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வந்தால் கதவென்ன, கரண்டே வாங்கித் தருவேன் என்று வாரம் தவறாமல் வந்து சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலே, பாடம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்து லாரி ஹாரன் அடிக்கும், பிளஸ் டூ எழுதப்போகிற பெண்கள் அத்தனை பேரும் புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்து ஓடுவார்கள். அந்தப் பெண்களில் கிருபையின் தங்கை ஷீபாவும் ஒருத்தி. இந்தப் பரீட்சை போனால் அம்மா லூர்தோடு அபார்ட்மென்ட் வீடுகளுக்குப் பாத்திரம் கழுவப் போக வேண்டியதுதான் என்பது ஷீபாவுக்கும் தெரியும், லூர்துக்கும் தெரியும். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசிக்கொள்வதில்லை.

மன்றத்தைத் தொடங்கினது கிருபை மட்டுமில்லை. டில்லிபாபுவும்தான். கணக்கு என்றால் அவனுக்கு வெல்லம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தின அப்பன்காரன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, அனுப்புகிறேன் என்று சொல்லும்வரை எழுந்திருக்கமாட்டான். கை வேலையும் தெரியும். யார் வீட்டுக் குடம் உடைந்தாலும் பழைய கரண்டியைக் காய வைத்துப் பிளாஸ்டிக் துண்டை உருக்கி ஒட்டிக்கொடுப்பான். அவன் அம்மா இறந்துபோன வருஷம், ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பும்போது எங்கேயோ நடந்த திருட்டுக்குப் போலீஸ்காரர்கள் இவனை நிறுத்தி, எந்த ஏரியாடா என்று கேட்டார்கள். சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காக உள்ளே வைத்திருந்து, பிறகு ஆள் மாறிப்போச்சு என்று அனுப்பினார்கள். வெளியே வந்தவன் பழைய டில்லி இல்லை. குடிக்க ஆரம்பித்தான். ஒரு நாள் குடித்துவிட்டுப் பாடம் நடத்த வந்து, கரும்பலகையைத் தூக்கி உடைத்தான், பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின. மறுநாள் பெற்றவர்கள் வந்து நின்றார்கள், அவன் இருந்தால் எங்கள் பெண்களை அனுப்பமாட்டோம் என்றார்கள். இனிமேல் வராதே என்று அவனிடம் சொன்னது கிருபைதான். சரி என்று மட்டும் சொல்லிவிட்டு, அவன் மீன் மார்க்கெட் ஐஸ் கொட்டகைப் பக்கம் போய்விட்டான். அங்கேயே வேலை, அங்கேயே படுக்கை.

அவனுடைய அம்மாவின் பச்சைக் குடம் மட்டும் வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. யார் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. லாரி வரும்போது அதைச் சுற்றிக்கொண்டு மற்றவர்கள் போனார்கள். அவ்வளவுதான்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாளே இருந்த ஒரு சாயங்காலம், ஹாரன் அடித்தது. பெண்கள் எழுந்தார்கள். கிருபைக்கு என்ன தோன்றியதோ, வாசலை மறைத்துக்கொண்டு நின்று, உட்காருங்கடீ, ஆளுக்குப் பதில்தானே குடம் நிற்கிறது, குடமே பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். கோபத்தில் சொன்ன சொல். பெண்கள் பயந்துபோய் உட்கார்ந்தார்கள். வெளியே முனிரத்தினம் குழாயைத் திறந்தார். பச்சைக் குடம் அடிப்பாகம் தரையில் உரச ஒரு சாண் நகர்ந்தது. அதன் பின்னால் மஞ்சள் குடம் நகர்ந்தது, அதன் பின்னால் நீலக் குடம், இப்படியே மாதா கெபி வரைக்கும் வரிசை ஒரு தரம் குலுங்கி, கல்யாண ஊர்வலம் கிளம்புகிற மாதிரி மெள்ளக் கிளம்பியது. ஒவ்வொன்றும் குழாய்க்கு அடியில் போய் நின்று வாய் நிரம்ப வாங்கிக்கொண்டு, தளும்பாமல் சுவரோரமாக ஒதுங்கி, தூக்கிக்கொண்டு போக ஆள் வருகிறவரை காத்திருந்தது.

முதலில் பார்த்தது லூர்து. மாதாவே என்று முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு தன் சிவப்புக் குடம் முன்னே போகாமல் மசமசவென்று நிற்பதைப் பார்த்ததும், "இன்னா வேடிக்க பாக்குற? உன் மொறதான், போ" என்று அதட்டினாள். குடம் போனது.

முதல் நாள் பயந்தார்கள், மறுநாள் கும்பிட்டார்கள், அதற்கடுத்த நாளிலிருந்து குறை சொல்ல ஆரம்பித்தார்கள். என் குடம் என் வீட்டுக்காரரைப் போலவே சோம்பேறி, எல்லாம் முடிந்தபிறகுதான் அசைகிறது என்றாள் ஒருத்தி. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக் குடங்கள் அடுத்தடுத்து நிற்க மறுத்து, நடுவில் யாராவது வரட்டும் என்று ஒதுங்கி நின்றன. மாரியம்மன் கோயில் தெருப் பெண்கள் குடத்துக்கு மஞ்சள் பூசினார்கள், லூர்து சாக்பீஸால் சிலுவை போட்டாள், ரஹமத்தின் அம்மா கழுத்தில் கயிறு கட்டி ஓதி ஊதினாள். எந்தச் சாமி நடத்துகிறது என்று ஒரு விவாதம் கிளம்பியபோது முனிரத்தினம், எந்தச் சாமியானாலும் சரி, மனுஷங்களைவிடக் குடங்கள் மரியாதையாக இருக்கின்றன, என் சட்டையை இப்போது யாரும் பிடித்து இழுப்பதில்லை என்றார். கஜேந்திரன் விஷயம் கேள்விப்பட்டு, குடத்துக்குக் குடம் கட்சிக் கொடி செருகி, மேலிடத்துக்காரர் ஒருவரையும் மாலையோடு அழைத்துவந்தார். குடங்கள் குடங்களாகவே நின்றன. கொஞ்சம் நடக்கச் சொல்லுப்பா என்று கஜேந்திரன் கெஞ்ச, முனிரத்தினம் பீடியை அணைத்துவிட்டு, "அதுங்க தண்ணிக்கி நடக்கும் சார், ஆளுக்கு நடக்காது" என்றார்.

குடங்கள் நடந்ததால் வந்த பெரிய அதிசயம் வேறு. தோணிமேட்டில் நேரம் என்று ஒன்று உண்டானது. இத்தனை வருஷம் காதை ஹாரனுக்குக் கொடுத்துவிட்டு வாழ்ந்த பெண்களுக்குச் சாயங்காலத்தில் இரண்டு கையும் சும்மா இருந்தன, அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இடுப்பில் வைத்தார்கள், கன்னத்தில் வைத்தார்கள், கடைசியில் பிள்ளைகள் என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று கழிப்பறை வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். லூர்து ஜெபமாலையோடு வந்தாள், மணி உருட்டிக்கொண்டே ஷீபா படிக்கிற வேதியியலைக் கேட்டாள், புரியாத அந்தப் பெயர்களெல்லாம் புனிதர்களின் பெயர்களைப் போல அவள் காதுக்கு இனித்தன. ஒரு நாள் மாலையை மடியில் வைத்துவிட்டு, ஒரு குழந்தையின் பலகையை வாங்கி, தன் பெயரில் வருகிற 'லூ' எப்படி இருக்கும் என்று கேட்டாள். அந்தச் சாயங்காலங்களில் கால்வாய் நாற்றம்கூடக் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றதாகச் சொல்கிறார்கள்.

ஒரு குறைதான் இருந்தது. பச்சைக் குடம் ஒழுகியது. முதல் ஆளாகப் போய் வாய் நிரம்ப வாங்கும், சுவரோரம் வருவதற்குள் அத்தனையும் தரையில் ஓடிப்போய்விடும், வெறும் குடமாக நிற்கும். வெயில் ஏற ஏற லாரியில் தண்ணீர் குறைந்தது, வரிசையின் வாலில் நின்ற குடங்கள் காலியாகத் திரும்பின. குறை சொல்ல எல்லோரும் மன்றத்துக்குத்தான் வந்தார்கள். நியாயம் கேட்கிற இடமாக ஆகிவிட்டதில் மன்றத்துப் பிள்ளைகளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. உட்கார்ந்து பேசினார்கள். ஒருத்தருக்கும் உதவாமல் வீணாகிற தண்ணீர், ஆளே இல்லாத குடம், எல்லோருடைய நன்மைக்காக எடுத்துவிடலாம் என்று ரஹமத் சொன்னான், மற்றவர்கள் தலையாட்டினார்கள். கிருபை எழுந்தாள். ஒரு தரம் வராதே என்று சொன்ன வாய்க்கு, இரண்டாவது தரம் சொல்வது சுலபமாக இருந்தது. அவளே போய், தோணிமேட்டில் அதுவரை யாரும் செய்யாத அந்தக் காரியத்தைச் செய்தாள். வரிசையில் நின்ற அடுத்தவர் குடத்தைக் கையால் தொட்டு எடுத்துக்கொண்டு வந்து, கழிப்பறைக்குப் பின்னால் கவிழ்த்துவைத்தாள்.

மறுநாள் லாரி வந்தது. குழாய் திறந்தது. ஒரு குடமும் அசையவில்லை.

கும்பிட்டுப் பார்த்தார்கள், அதட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் தரையில் ஓடத் தொடங்கியதும் பாய்ந்து விழுந்தார்கள். இத்தனை நாள் குடங்கள் பார்த்துக்கொண்டதில் வரிசையில் நிற்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. ஒரு குடத்தை எடுத்தாகிவிட்டது, இனி எந்தக் குடத்தை எடுத்தால் என்ன என்று ஆளாளுக்கு முன்னால் இருந்ததைத் தூக்கி எறிந்தார்கள். ரஹமத்தின் அம்மாவுக்கு நெற்றி கிழிந்து ரத்தம் வந்தது. அடுத்த நாளிலிருந்து பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் வரிசைக்கே காவல் நின்றார்கள். பாடத்துக்கு ஒருத்தியும் வரவில்லை. ஷீபா குடத்தின் மேல் புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்கப் பார்த்தாள், இடித்த இடியில் புத்தகம் சேற்றில் விழுந்தது. கஜேந்திரன் பனியன் மூட்டையோடு வந்து, குழாய் போட்டுத் தருகிறேன், பனியனைப் போட்டுக்கொள்கிறீர்களா என்று தன்மையாகக் கேட்டார். மன்றத்தில் பாதிப் பேர் கிருபையின் முகத்தைப் பார்த்தார்கள், மீதிப் பேர் பனியனைப் பார்த்தார்கள். நாளைக்குச் சொல்கிறோம் என்று கிருபை அனுப்பிவைத்தாள், மூட்டையை அவர் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

பிறகு கழிப்பறைக்குப் பின்னால் போனாள். பச்சைக் குடத்தைத் திருப்பி வரிசையில் கொண்டுவைக்கத்தான் போனாள். கவிழ்ந்து கிடந்த அதன் அடிப்பாகத்தை அப்போதுதான் வெளிச்சத்தில் பார்த்தாள். விரிசல் இல்லை. கீழே போட்டு உடைந்ததும் இல்லை. கத்தியால் அறுத்து எடுத்திருந்தது, ஒரு துண்டு, பக்கத்தில் இன்னொரு துண்டு, அப்புறம் இன்னொன்று, ரொட்டியைப் பிட்டு எடுத்த மாதிரி. கிருபை எழுந்து தெருவுக்கு வந்தாள். மஞ்சள் குடத்தின் இடுப்பில் உருக்கி ஒட்டின பச்சைத் தழும்பு இருந்தது. நீலக் குடத்தின் அடியில் இருந்தது. ரஹமத் வீட்டுக் குடத்தின் கழுத்தில் கயிற்றுக்குக் கீழே இருந்தது. அம்மாவின் சிவப்புக் குடத்தில், தினமும் இடுப்பில் அணைத்துக்கொண்டு வருகிற பக்கத்திலேயே இருந்தது. மாதா கெபி வரைக்கும் பார்த்துக்கொண்டே போனாள். பச்சை இல்லாத குடம் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருந்தது.

ஐஸ் கொட்டகையில் டில்லி மரக்கட்டையால் ஐஸ் பாளத்தை உடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"என் கொடத்த எடுத்துட்டியாமே" என்றான்.

"எடுத்துட்டேன்."

"நல்லது பண்ண. ஒழுவுற கொடம்."

"ஏன்டா சொல்லல?"

"இன்னாத்த?"

"எங்க எல்லாருதையும் உங்கம்மா கொடத்த அறுத்துத்தான் ஒட்டினன்னு."

டில்லி கட்டையைக் கீழே வைத்தான். அந்தந்தக் குடத்து நிறத்தில் பிளாஸ்டிக் தேடி எங்கே போவது, அம்மாவும் இல்லை, ஒற்றை ஆளுக்கு எதற்குக் குடம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். குடத்தை வரிசையில் வைத்தது நீதானா என்று கேட்டதற்கு, நான் அந்தப் பக்கமே வரவில்லையே, அதுவாகப் போயிருக்கும் என்றான். அவனுக்கும் ஆச்சரியமில்லை. கிருபை வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பு எதுவும் வரவில்லை. வா என்று மட்டும்தான் வந்தது.

"வந்தா மட்டும்? நாளைக்கி குடிக்கமாட்டேன்னு என்னால சொல்ல முடியாது கிருபை."

"சொல்ல வேணாம். பிள்ளைங்க இருக்கும்போது குடிச்சிட்டு உள்ள வராத. வெளிய உக்காரு. உன் எடம் உனக்குத்தான்."

அவன் கட்டையைக் கையில் எடுத்தான். திரும்ப ஐஸ் உடைக்கத் தொடங்கினான். அவள் வந்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் பச்சைக் குடத்தை அவளே தூக்கிக்கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே வைத்தாள். முணுமுணுத்தவர்களிடம் கோபப்படாமல், உங்கள் குடத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள் என்றாள். ஒவ்வொருத்தராகத் திருப்பிப் பார்த்தார்கள். ரஹமத் தன் வீட்டுக் குடத்தின் கழுத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றான். லூர்து வீட்டுக்குள் போய், அரிவாள்மனையில் தன் சிவப்பு மக்கின் பிடியை அறுத்து எடுத்துக்கொண்டுவந்து பச்சைக் குடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மாதா கெபிப் படியில் உட்கார்ந்து மணி உருட்ட ஆரம்பித்தாள். என்ன கேட்டு ஜெபித்தாளோ, அது அவளுக்கும் மாதாவுக்கும்தான் தெரியும்.

வெயில் சாய்கிற நேரத்தில் டில்லி வந்தான். முகம் கழுவி, தலை சீவியிருந்தான். கண் சிவந்துதான் இருந்தது. யாரையும் பார்க்காமல் தரையில் குந்தி, யாரோ நீட்டின கரண்டியை யாரோ பற்றவைத்த அடுப்பில் காய வைத்து, சிவப்புத் துண்டை உருக்கிப் பச்சைக் குடத்தின் அடியில் தேய்த்தான். ஒரு காலத்தில் மேடு பள்ளம் தட்டாமல் ஒட்டின கை அது. இப்போது நடுங்கி நடுங்கி, சிவப்பு ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் விலகியும் போனது. பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி எதுக்குடா இப்படி நடுங்குறே என்று முனிரத்தினத்தின் சம்சாரம் கேட்க, அவனே சிரித்துவிட்டான். அவன் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

ஹாரன் அடித்தது. ஓட எழுந்த பெண்பிள்ளைகளைக் கிருபை தடுக்கவில்லை. ஷீபாதான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்று, வரிசையைப் பார்த்தாள், டில்லியைப் பார்த்தாள், பிறகு திரும்பிக் கழிப்பறைக்குள் போய் ஓடு பதித்த தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகப் போய் உட்கார்ந்தார்கள். முனிரத்தினம் குழாயில் கை வைத்தார். பச்சைக் குடம் ஒரு சாண் நகர்ந்தது.

அது தண்ணீர் வாங்கிக்கொண்டு சுவரோரம் வந்தபோது அதன் பின்னால் தெருவில் மெல்லிசாக ஒரு ஈரக்கோடு விழுந்திருந்தது. மற்றக் குடங்கள் அந்தக் கோட்டின் மேலேயே நடந்து வந்தன. டில்லி வாசலுக்கு வெளியே, கதவு மாட்ட வேண்டிய இடத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். உள்ளே ஷீபா ஒரு கணக்கைத் தப்பாகப் போடுவது கேட்டது. திரும்பாமலே திருத்திச் சொன்னான். நாளைக்கு வருவானா என்று அவனுக்கும் தெரியாது, கிருபைக்கும் தெரியாது. மூலையில் கஜேந்திரனின் பனியன் மூட்டை பிரிக்கப்படாமல் கிடந்தது, அதன் மேல் ஒரு குழந்தை ஏறி உட்கார்ந்து பலகையில் எழுதிக்கொண்டிருந்தது.

ரஹமத் பச்சைக் குடத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டுக் கவலையோடு வந்தான். பாதித் தண்ணீர் நிற்கிறது, ஆனால் இன்னமும் சொட்டுகிறது, வாலில் நிற்கிறவர்கள் நாளைக்கும் குறை சொல்வார்களே என்றான்.

லூர்து ஜெபமாலையை முடித்து, சிலுவையை முத்தமிட்டு, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒழுவட்டும் வுடுப்பா," என்றாள். "வரிசையில நிக்குதில்ல."